வெயில்காலத்தில் நனைந்து வந்த அதிகாரி

ஐந்து நாளாக மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டு முன்னறையில் மட்டும் இரண்டு வாரமாக வெயில்காலம்.

கையேடு அப்படித்தான் சொன்னது. வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக, உரிமம் தரும் அலுவலகம் அச்சிட்டுக் கொடுத்த அந்தக் கையேட்டின் முப்பத்திரண்டாம் பக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஓர் அட்டவணை இருந்தது. இந்த மாதத்துக்கு நேரே வெயில்காலம் என்று போட்டு, சுவரில் சூரியன், தலைக்குக் காகிதத் தொப்பி, நிழலை அளத்தல் என்று வரிசையாகச் சொல்லியிருந்தது. தெருவே அக்கா என்று கூப்பிடும் அவள் பதினோரு வருடமாகத் தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தது இந்த வருடம்தான்.

திறக்க வைத்தவர் அதிகாரி அம்மா. போன முறை ஆய்வுக்கு வந்தபோது மருந்துப் பெட்டியைப் பார்த்தார், பிளக் ஓட்டைகளுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார், தொட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தார். எல்லாவற்றுக்கும் சரி போட்டார். கடைசியில் ‘பருவகாலச் செயல்பாடு’ என்ற கட்டத்தில் ‘காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“காணலைன்னா போலீஸ்லதானே சொல்லணும்?” என்றார் அக்காவின் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். எந்தச் செய்தியையும் வண்டி நின்றபிறகு யோசிக்கலாம் என்று தள்ளிவைக்கிற ஆள்.

அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு முறை அந்தக் கட்டத்தில் அதே வார்த்தை விழுந்தால் உரிமம் ரத்து. ஐந்து பிள்ளைகளும் மறுநாளே வேறு இடம் பார்க்க வேண்டும். அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் வேறு இடம் கிடையாது. நான்கு அம்மாக்களும் காலையில் வேலைக்குப் போவது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அந்த உரிமத் தாளை நம்பித்தான். அக்காவுக்கோ இந்தப் பதினோரு வருடத்தில் வேறு வேலை எல்லாமே மறந்துபோயிருந்தது. நினைவுபடுத்திக்கொள்ளும் ஆசையும் இல்லை.

ஆகவே சூரியன் ஒட்டப்பட்டது. ஆளுக்கொரு தொப்பி மடிக்கப்பட்டது. “இப்ப என்ன காலம்?” என்று அக்கா கேட்டால் “வெயில்காலம்!” என்று கத்த வேண்டும். தவழ்கிற குழந்தைக்கு மட்டும் விலக்கு.

மழை பிடித்த மூன்றாம் நாள் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது சுவரைப் பார்த்தார்.

“வெளிய இவ்வளவு பெய்யுது. அந்தச் சூரியனைக் கழட்டிட்டு ஒரு குடை ஒட்டினா என்ன?”

“மழைக்காலம் பத்தாவது மாசம். அதே பக்கத்துல கீழ போட்டிருக்கு.”

“அப்ப வானத்துக்கும் ஒரு கையேடு அனுப்பச் சொல்லு.”

“நீங்க பேசாம சாப்பிடுங்க. போன தடவை புத்தகத்தைப் பாக்கல, மாட்டிக்கிட்டேன். இந்தத் தடவை புத்தகத்தைத் தவிர எதையும் பாக்கறதா இல்ல.”

ஐந்தாம் நாள் காலை பத்தேகாலுக்கு அழைப்பு மணி அடித்தது. அக்கா கதவைத் திறப்பதற்கு முன் பிள்ளைகளைப் பாயில் வரிசையாக உட்காரவைத்து, தொப்பிகளை நேராக்கி, “நான் சொல்ற வரைக்கும் யாரும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது” என்றாள். வரிசையில் முதலில் இரட்டையர். ஏழு நிமிட இடைவெளியில் பிறந்த அவர்களைப் பெரியவன், சின்னவன் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அடுத்து, எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கிவிடும் தூங்குமூஞ்சி. அடுத்து, நாலரை வயது வக்கீல். அவள் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எதிர்த்துக் கேட்ட பிறகே ஒப்புக்கொள்வதால் அந்தப் பெயர். கடைசியாகத் தவழ்கிற குழந்தை, அடைப்புக் கட்டிலுக்குள்.

வாசலில் அதிகாரி அம்மா நின்றார். குடை இருந்தது, ஆனால் காற்றில் மடங்கித் திரும்பி, கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. புடவையின் கீழ்ப் பாதி காலோடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. கையில் இருந்த கோப்பு மட்டும் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது.

“துண்டு தரட்டுமா மேடம்?”

“வேண்டாம்மா. முதல்ல வேலை.”

அவர் ஈர ஷூவைக்கூடக் கழற்றாமல் அறையின் நடுவே வந்து நின்றார். அவர் நின்ற இடத்தில் தரையில் ஒரு சிறு குளம் உருவாகத் தொடங்கியது. அதை வக்கீல் கவனித்தாள்.

அதிகாரி அம்மா சுவரைப் பார்த்தார், தொப்பிகளைப் பார்த்தார், படிவத்தில் அந்தக் கட்டத்தைத் தேடிப் பேனாவை வைத்தார். “இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, செயல்பாடு கையேட்டு அட்டவணைப்படி இருக்கா?”

“முப்பத்திரண்டாம் பக்கம், மேடம். ஒரு வரி விடல.”

அதற்கு ஒரு சரி விழுந்தது. அக்கா மூச்சு விட்டாள்.

“ரெண்டாவது. தான் வெளிய பாக்கறதோட குழந்தை அதைப் பொருத்திப் பாக்குதா?” என்று படித்த அதிகாரி அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “கண்ணுங்களா, இப்ப என்ன காலம்?”

“வெயில்காலம்!”

கூரை மேல் மழை பேசி முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அது முடிக்கவில்லை.

“ஜன்னல் வழியா பாத்துச் சொல்லுங்க.”

பெரியவன் ஜன்னலைப் பார்த்தான். சின்னவன் பெரியவனைப் பார்த்தான். தூங்குமூஞ்சி கண்ணை மூடினான். பழகிய பாடம் பழகிய பாடம்தான். “வெயில்காலம்” என்றார்கள் இரட்டையர், கொஞ்சம் சத்தம் குறைத்து.

“இந்த அம்மா நனைஞ்சிருக்காங்க,” என்றாள் வக்கீல்.

“நீ சும்மா இரு,” என்றாள் அக்கா.

“வெயில்ல யாரும் நனைய மாட்டாங்க.”

“வேர்த்திருக்கும்,” என்றான் பெரியவன்.

“மூக்குல கூடவா?”

அதிகாரி அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். “புரியுதாம்மா உங்களுக்கு? முதல் கேள்விக்கு ஆமாம். ரெண்டாவதுக்கு இல்லை. ரெண்டும் வந்தாத்தான் கட்டம் நிறையும்.”

“புத்தகப்படி செஞ்சா ஜன்னலுக்கு ஒத்துவரல, ஜன்னல்படி செஞ்சா புத்தகத்துக்கு ஒத்துவராது. நான் என்னங்க செய்ய?”

“அதுக்குக் கட்டம் கிடையாதும்மா.” குரலில் கோபம் இல்லை. வருத்தமும் அதிகம் இல்லை. நிறைய வீடு ஏறி இறங்கிய குரல். பேனா இரண்டாம் கேள்வியின் மேல் போய் நின்றது. அக்கா சுவரில் சட்டத்துக்குள் இருந்த உரிமத்தைப் பார்த்தாள். பிறகு, தொட்டில்களைக் கழற்றினால் எந்த அறையில் அடுக்குவது என்று யோசித்தாள்.

அப்போது குளத்திலிருந்து ஒரு வாய்க்கால் கிளம்பிப் பாயின் ஓரத்தைத் தொட்டது.

“அக்கா, பாய் நனையுது,” என்று வக்கீல் எழுந்துவிட்டாள். ஒருத்தி எழுந்தால் மற்றவர்களும் எழுந்ததாகத்தான் கணக்கு. அடுத்து நடந்ததை யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. நனைந்துகொண்டு யார் உள்ளே வந்தாலும் அந்த வீட்டில் அதுதான் நடக்கும். சின்னவன் குட்டை நாற்காலியை இழுத்து வந்து அதிகாரி அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் இடித்தான், அவர் உட்கார்ந்துவிட்டார். பெரியவன் அவர் ஷூ இரண்டையும் உருவி, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிக்க ஆரம்பித்தான். தூங்குமூஞ்சி எங்கிருந்தோ தரைத் துணியோடு வந்து, குளத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்தான். வக்கீல் துண்டை அவர் தலையில் போட்டு, அவருக்கு வலிக்கும் என்ற யோசனையே இல்லாமல் தேய்த்தாள்.

“தலையைக் குனிங்க. இன்னும். காதுக்குப் பின்னாடியும் துடைக்கணும். மழைத் தண்ணி அங்கதான் ஒளிஞ்சுக்கும்.”

“யார் சொன்னா?” என்றது துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“யாரும் சொல்லல. மழை பெய்யுது, நீங்க நனைஞ்சிருக்கீங்க. இது கூடவா சொல்லணும்?”

அதிகாரி அம்மா துண்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். முடி நான்கு திசையிலும் நின்றது. “இது என்ன செயல்பாடும்மா?”

“செயல்பாடெல்லாம் இல்லைங்க மேடம்,” என்றாள் அக்கா பதறி. “நனைஞ்சு வந்தா இப்படித்தான் செய்வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“தினமுமா?”

“மழை பெய்யற அன்னிக்கு மட்டும்.”

அதிகாரி அம்மா படிவத்தை முதலிலிருந்து ஒரு முறை படித்தார். பின்பக்கம் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தார். “ரெண்டு கேள்விக்கும் ஒரே செயல்பாடுதான் இருக்கணும்னு இதுல எங்கயும் போடல,” என்றார். இரண்டாவதற்கும் சரி போட்டார். “தேவைப்படும் பொருள்னு கேக்குது. என்னம்மா எழுத?”

அக்கா யோசித்தாள். “துண்டு. தரைத் துணி. பழைய பேப்பர்.”

“நனைந்த அதிகாரி, ஒன்று” என்று அவரே கடைசியில் சேர்த்துக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, மேல் தாளைக் கிழித்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். இன்னும் இரண்டு வருடத்துக்கு உரிமம்.

ஷூ இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் மாட்டிக்கொண்டு எழுந்தபோது, வக்கீல் கதவின் குறுக்கே நின்றாள். கையில் வருகைப் பதிவேடு.

“கையெழுத்துப் போடாம யாரையும் வெளிய விடக் கூடாது. யார் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க?”

அதிகாரி அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா சங்கடத்தோடு நெளிந்தாள். ஆனால் அது கையேட்டின் ஆறாவது விதி, தடித்த எழுத்தில்.

“யாரும் வர மாட்டாங்கம்மா,” என்றார்.

“அப்ப இருங்க. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு.”

அதிகாரி அம்மா பதிவேட்டை வாங்கி, நேரம் எழுதி, ‘கூட்டிச் செல்பவர்’ என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ‘உறவு’ என்ற இடத்தில் பேனா நின்றது. கடைசியில் ‘தானே’ என்று எழுதினார்.

கூட்டிப்போகிறவர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற தன் பழக்கத்தை அக்கா விடவில்லை. பதிவேட்டில் இருந்த கையெழுத்தைப் புது உரிமத்தில் இருந்த கையெழுத்தோடு வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின. கதவைத் திறந்துவிட்டாள்.