தைலத் துணி

தூளியை விலக்கிப் பார்த்தாள் ஆண்டாயி. பேரன் தூங்கவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது.

ஒரே அறை வீடு. தூளிக்குக் கையெட்டும் தூரத்தில் மக்காச்சோள மூட்டைகள். விலை விழுந்துவிட்டதென்று தை மாதத்திலிருந்து விற்காமல் அடுக்கி வைத்திருந்தான் அவள் புருஷன் இராமலிங்கம். பங்குனியில் வண்டு விழுந்துவிட்டது. மூட்டைக்குள் போட்டால் விஷக்காற்று கிளம்பி வண்டைக் கொல்லும் மாத்திரை வாங்க அவன் கிளம்பியபோது ஆண்டாயி மறித்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பூங்குழலி பச்சைக்குழந்தையோடு அங்கேதான் படுத்திருந்தாள். தீட்டுக் கழியாமல் வேறு வீட்டில் சேர்க்கவும் மாட்டார்கள். அந்த விஷக்காற்றில் பிள்ளை பிழைக்குமா?

"அப்ப வண்டே தின்னட்டும். உங்கப்பன் வூட்லேர்ந்து நாலு மூட்ட கொண்டாந்து எறக்கு" என்று போனவன், அரியலூர்ப் பக்கமிருந்து ஒரு பாட்டில் தைலத்தோடு திரும்பினான். தைலமரத்து இலையில் எடுத்தது, விஷமில்லை, வாசத்துக்கே வண்டு ஓடும் என்று விற்றவர் சொன்னாராம். துணியை நனைத்து மூட்டை இடுக்கெல்லாம் செருகினார்கள். வண்டு சுவரேறி ஓடியது. வாசம் மங்கியதும் திரும்பி வந்தது. மறுபடி நனைத்தார்கள்.

பிள்ளைக்குச் சளி பிடித்தபோது ஆண்டாயி பதறவில்லை. சளிக்குத் தைலம்தானே மருந்து? தூளிக் கயிற்றிலும் ஒரு துணியைக் கட்டினாள். இழுப்பு கூடியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

அன்று மத்தியானம் பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸ் வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"யாரும்மா தைலத்துல குளிச்சது?" சிரித்தபடி உள்ளே வந்தவள், கயிற்றைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "பச்சப்புள்ளைக்கு இந்த நெடி ஆவாதுங்க. மொதல்ல எல்லாத்தையும் வெளில போடுங்க. பாலு குடிக்க மாட்டன்னாலோ, இழுப்பு கூடுனாலோ யோசிக்காம பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

பூங்குழலி அம்மாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆண்டாயி துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். மூட்டைகளையும் வாசலுக்கு இழுக்கலாமென்றால் வானம் இருட்டிக்கொண்டு கோடைமழை கொட்டத் தொடங்கியது. நனைந்த சோளத்தை யார் வாங்குவார்கள்?

இராமலிங்கம் மூட்டைமேல் சாய்ந்து நின்றான். "மாத்திரையும் ஆவாது, தைலமும் ஆவாது. என்னதான்டி பண்றது?"

ஆண்டாயி தூளியில் காதை வைத்தாள். கீச்சுச் சத்தம் நிற்கவில்லை. மழை சற்று விட்டபோது, மூட்டைகளுக்குள்ளிருந்து நறநறவென்று இன்னொரு சத்தமும் கேட்டது.

நிமிர்ந்தாள். கயிற்றில் ஒரு வண்டு. துணி கட்டியிருந்த ஈரத்தின் அருகே சற்றுத் தயங்கியது. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு, தூளியை நோக்கி இறங்கத் தொடங்கியது.