தையலக்கா வீட்டுக் காற்று

வெங்காயத்தின் விலை ஏறிய அதே வாரத்தில், அனல்மின் நிலையத்தின் சாம்பல் தையலக்காவின் வீட்டின் மேல் விழுவதை நிறுத்திக்கொண்டது. மற்ற எல்லா வீடுகளிலும் வழக்கம்போல விழுந்தது. கொடியில் காய்ந்த துணியில், மூடி வைத்த பாலில், முகம் பார்க்கும் கண்ணாடியில், தூங்குகிறவர்களின் இமையில் விழுந்தது. இடப்பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தது, வலப்பக்கத்து வீட்டுக் கூரையிலும் விழுந்தது. நடுவில் இருந்த ஓட்டு வீட்டை மட்டும், பழைய பகையாளியின் வாசலைக் கடப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனது. வாசலுக்கு வெளியே நின்றால் தொண்டை அரித்தது. படியைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தால் மழை விட்ட காலையின் காற்று. ஊரார் முதலில் வெங்காயத்தைப் பற்றித்தான் பேசினார்கள்; அது தீர்ந்த பிறகு இதற்கு வந்தார்கள்.

வீடு பள்ளத்தில் இருப்பதால் என்றார்கள் சிலர். மேட்டில் இருப்பதால் என்றார்கள் வேறு சிலர். முந்தின நாள் அந்த வீட்டில் நடந்தது என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். மின் நிலையத்தின் வாசற்காவலன், போராட்டக்காரர்களைத் தடியால் விரட்டுவதையே உத்தியோகமாகக் கொண்டவன், சட்டையில் பொத்தான் அறுந்து அந்தத் தெரு வழியாகப் போனான். தையலக்கா அவனை நிறுத்தி, நின்ற நிலையிலேயே பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, "மெதுவா அடிங்க தம்பி, சட்டை தாங்காது" என்று சொல்லி அனுப்பினாள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று கிடையாது. கடவுள் எந்தக் காரியத்துக்கும் சான்று வைத்துவிட்டுப் போகிறவர் அல்ல.

காற்று யாருக்கு வந்ததோ, சரியான ஆளுக்குத்தான் வந்தது. தையலக்காவின் கணவரை ஊரில் பெல்ட்டுக்காரர் என்பார்கள். நிலக்கரியைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டின் ஓரத்திலேயே அவருடைய இளமை முழுவதும் போனது. ஓய்வு பெற்ற நாளில் நிலையம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அவர் நெஞ்சுக்குள் நிறைத்துக்கொண்டு வந்த கரித்தூளைப் பெருந்தன்மையோடு திருப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கட்டிலோடு கிடந்தார். மூச்சு விசில் அடித்தது. நல்ல காற்று வந்த நாளிலிருந்து விசில் நின்றது. எழுந்து உட்கார்ந்தார், பேசினார், சாப்பாட்டில் உப்பு குறைவு என்று குறைகூடச் சொன்னார். தையலக்கா அந்தக் குறையைக் கேட்டுத் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து அழுதாள். வீட்டை விட்டு வெளியே ஒரு தெரு நடந்தாலும் அவர் திரும்பி வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

ஊரில் ஒரு சுவாச உரிமைக் குழு இருந்தது. தலைவர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். முதல் இரண்டு ஆண்டுகள் குழுவுக்குப் பெயர் வைப்பதில் கழிந்தன. மூன்றாம் ஆண்டில் பதாகையின் நிறம் பச்சையா நீலமா என்று இரண்டாக உடைந்து, நான்காம் ஆண்டில் எந்த நிறமானாலும் ஒரு வாரத்தில் கறுப்பாகிவிடுகிறது என்று கண்டு மறுபடி ஒன்றானார்கள். நல்ல மனிதர்கள்தான். முழக்கம் போடும்போது பாதியில் இருமல் வந்துவிடும், அவ்வளவுதான். அதனால் தையலக்காவின் வீட்டுக்குள் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். ஊரிலேயே ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடிந்த இடம் அது ஒன்றே. ஆனால் அந்தக் காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் கோபம் மிஞ்சவில்லை. சிவந்த முகத்தோடு வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு, நிலைமை அப்படியொன்றும் மோசமில்லை என்ற எண்ணத்தோடு வெளியே போய், படி இறங்கியதும் இருமினார்கள்.

நிலையமும் சும்மா இருக்கவில்லை. மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒருவர் இருந்தார். எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைக்கு மேல் கலையாத சிரிப்பு. ஆண்டுதோறும் மரக்கன்று நடுவார். போன ஆண்டு கன்று பட்டுப்போன அதே குழியில் இந்த ஆண்டுக் கன்றை நடுவதால் குழி வெட்டும் வேலை மிச்சம். வீட்டுக்கு வீடு அடர்ந்த காடு அச்சடித்த காலண்டர் கொடுத்தார். இரண்டாம் மாதத்திலேயே காட்டில் இருட்டிவிட்டது. விழுவது சாம்பல் அல்ல, நுண்ணிய கனிமச் சத்து என்று விளக்கினார். அந்தச் சத்தை வாய் நிறைய வாங்கிக்கொண்டு ஊர் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் மூன்றாவது புகைபோக்கி கட்டப்போவதாகச் செய்தி வந்தது. குழு விழித்துக்கொண்டது. காற்றை அளக்கும் கருவி ஒன்று வேண்டும், அதை எங்கள் தெருவுக்கு நட்டநடுவில் வைக்க வேண்டும், அந்தக் கருவி சொல்வதை இரு தரப்பும் ஏற்க வேண்டும் என்று வாத்தியார் பட்டினி கிடந்தார். தெருவின் நட்டநடு எது என்று அவர் யோசிக்கவில்லை. உலகத்தின் நடுக்கோட்டை வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர், தம் தெருவின் நடுவைக் கோட்டைவிட்டார். அதிகாரி மறுநாளே பழச்சாறோடு வந்து கோரிக்கையை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். நாடாவைப் பிடித்து அளந்தபோது நட்டநடு, தையலக்காவின் முற்றத்தில் வந்து நின்றது.

ஊரார் அந்தக் கருவிக்கு மோப்பப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். முற்றத்தில் வைத்த நொடியில் பச்சை எரிந்தது. அதன் பிறகு அணையவே இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரி அந்தப் பச்சையைப் படமெடுத்துச் சுவரளவு காட்டினார். இந்த ஊர் மக்கள் மலைவாசஸ்தலத்துக் காற்றைச் சுவாசிக்கிறார்கள், பொறாமையாக இருக்கிறது என்றார். இருமலைப் பற்றி யாரோ கேட்க, நிலையத்து மருத்துவர் எழுந்து, அது பரம்பரையாக வரும் பழக்கம், மனம் வைத்தால் விட்டுவிடலாம் என்றார். மண்டபம் முழுவதும் மனம் வைத்துப் பார்த்தது, முடியவில்லை. ஒரு மாதம் கழித்து இறுதிக் கூட்டம், அதுவரை பச்சையே எரிந்தால் மூன்றாவது புகைபோக்கிக்கு அனுமதி என்று முடிவானது.

அதற்குப் பிறகு ஊர் தையலக்காவிடம் துணி தைக்கக் கொடுப்பதைக் குறைத்தது. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. அவள் வீட்டுக் காற்று ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று காதுபடவே சொன்னார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காற்று வேண்டும் என்று வரம் கேட்டவளும் அல்ல, கிடைத்ததை வேண்டாம் என்று தள்ளக்கூடிய நிலையில் இருந்தவளும் அல்ல. கட்டிலில் இருந்த மனிதர் இப்போது தானாக எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

இறுதிக் கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் வாத்தியாரும் குழுவினரும் ஒரு பழைய லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையில் மண்ணெண்ணெய் இருந்தது. முற்றத்தில் வைத்துக் கொளுத்தினால் பெட்டி சிவந்துவிடும் என்பது குழுவின் ஏகமனதான தீர்மானம். ஏகமனதாக எடுத்த முதல் தீர்மானமும் அதுதான்.

தையலக்கா மெஷினை நிறுத்தினாள். "சார், புகை வேண்டாம்னு சொல்றவங்க புகை போட வந்திருக்கீங்க. கேக்கவே நல்லா இருக்கா?"

"வேற வழி இல்லம்மா" என்றார் வாத்தியார். தலையைத் தூக்கவில்லை.

"உள்ள ஒரு மனுஷன் படுத்திருக்கார். தெரியும்ல?"

வாத்தியாருக்குத் தெரியும். டயரைப் பிடித்திருந்த கையை எடுத்தார். அது தானே உருண்டு போய்ச் சாக்கடையில் சாய்ந்தது. அப்போது எதிர்வீட்டு மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து படியோரம் நின்றாள். படிக்கு வெளியே நின்ற குழந்தையின் நெஞ்சிலிருந்து விசில் வந்தது. தையலக்கா திரும்பிப் பார்த்தாள். அது தன் வீட்டு விசில். சின்னதாக, இன்னும் பழுக்காமல், அதே சுருதியில்.

அவள் கைத்தொழில்காரி. வாசற்படியில் நல்ல காற்றும் கெட்ட காற்றும் சந்திக்கிற இடத்தில் ஒரு கரை இருப்பதைப் பல நாளாக விரல் நுனியில் தடவிப் பார்த்திருக்கிறாள். ஆலைத் துணியின் ஓரம்போல நெருக்கமான கரை. கரை இருக்கிற எதுவும் துணிதான், துணியாக இருக்கிற எதையும் வெட்டலாம். உள்ளே போய்ப் பெரிய கத்தரியை எடுத்தாள். ஆனால் வெட்டவில்லை. கட்டிலருகே போய் நின்றாள்.

பெல்ட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "என்ன யோசனை? வெட்டு" என்றார்.

"உங்களுக்கு?"

"எனக்கு இத்தனை நாள் போனஸ். அந்தப் புள்ளைக்கு இன்னும் சம்பளமே வரலையே." கொஞ்சம் நிறுத்தி, "அளவுல கஞ்சத்தனம் பண்ணாதே. உன் வாடிக்கைக்காரங்க ஏற்கெனவே கோபமா இருக்காங்க" என்றார்.

அவள் கண்ணை மூடி ஒரு கணம் கும்பிட்டாள். பிறகு வாசலிலிருந்து காற்றை வெட்டத் தொடங்கினாள். முதல் துண்டு குழந்தைக்கு. கழுத்தைச் சுற்றிப் போட்டதும் விசில் நின்றது. பிறகு வாத்தியாருக்கு, குழுவினருக்கு, குழாயடியில் பேச்சை நிறுத்தியவர்களுக்கு. செய்தி பரவி வரிசை தெருமுனையைத் தாண்டியது. நிலையத்துக் கூலிக்காரர்கள் சீருடையோடு வந்தார்கள். இருமல் பழக்கம் என்று சொன்ன மருத்துவரின் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு வந்து, தன் மாமியாருக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். யார் என்ன பேசினார்கள் என்பதைத் தையலக்கா நினைவில் வைத்து வெட்டவில்லை. தோள் அகலத்தைப் பார்த்து வெட்டினாள். கூடம் தீர்ந்தது, சமையலறை தீர்ந்தது. கடைசியில் கட்டிலைச் சுற்றி இருந்ததுதான் மிச்சம். வரிசையின் கடைசியில் வாசற்காவலன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்கத் தைரியம் இல்லாமல் நின்றான். பெல்ட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். அவள் அதையும் வெட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் சாம்பல் இறங்கியது. மோப்பப் பெட்டி மஞ்சளானது, சிவப்பானது, பிறகு அதில் இல்லாத ஒரு கருநிறத்தில் எரிந்தது. மறுநாள் கூட்டத்தில் அந்த நிறத்துக்கு விளக்கம் சொல்ல அதிகாரியால் முடியவில்லை. இரு தரப்பும் ஏற்க வேண்டும் என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவது புகைபோக்கி மறுபரிசீலனைக்குப் போனது. அங்கே போன எதுவும் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. முதல் இரண்டும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. அதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பச்சை எரிகிற இடம் தேடி ஊரெல்லாம் அலைந்தார். கடைசியாக மேலாளரின் குளிரூட்டிய அறையில் வைத்தபோது பெட்டி இருமியது.

ஆனால் கூட்டம் நடந்த அந்த நேரத்தில் தையலக்கா மண்டபத்தில் இல்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, ஈரத் துணியால் கணவரின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விசில் திரும்பி வந்திருந்தது. போனதைவிட ஓங்கி வந்திருந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு அவள் கடவுளை வேண்டவில்லை. கூட இருக்கும்படி மட்டும் வேண்டினாள். பொழுது சாய்கிற நேரத்தில் எதிர்வீட்டு மருமகள் உள்ளே வந்தாள்.

"அக்கா, குழந்தைத் துணின்னா வளரட்டும்னு உள்ள மடிச்சு விடுவீங்கல்ல. இதுலயும் விட்டிருந்தீங்க. இப்போதைக்கு வேண்டாம்னு பிரிச்சுக் கொண்டாந்தேன். அண்ணனுக்கு வைங்க."

விரல் அகலத்துக்கு ஒரு நாடா. தையலக்கா அதைக் கணவரின் மூக்கருகே வைத்தாள். அவர் கண் திறந்தார். அதற்குள் வாசலில் வாத்தியார் நின்றார். தம் துண்டு முழங்கால்வரை தொங்குகிறது, முழக்கம் போட அவ்வளவு தேவையில்லை என்றார். பிறகு குழாயடிப் பெண்கள் வந்தார்கள், மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் நீளம் அதிகம் என்று குறை சொன்னார்கள். காவலன் தன்னுடையதில் சரிபாதியைக் கிழித்துக் கொண்டுவந்தான், கோணலாகத்தான் கிழித்திருந்தான். இஸ்திரி கலைந்த வெள்ளைச் சட்டையோடு, தெரு காலியான பிறகு, மக்கள் தொடர்பு அதிகாரியும் வந்தார். மகளுக்காக ஆள் அனுப்பி வாங்கியிருந்ததை அப்போதுதான் சொன்னார். கைக்குட்டை அளவு ஒரு துண்டை வைத்துவிட்டு, தான் வந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தையலக்கா சொல்லவில்லை, தெரு சொன்னது.

எல்லாத் துண்டுகளையும் அவள் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். கொசுவலை மாதிரி கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டாள். தையல் போட்ட இடம் தடவினால் தெரியும், கோணல் துண்டு கோணலாகவே நின்றது. பெல்ட்டுக்காரர் அதற்குள் உட்கார்ந்துகொண்டு உப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் குறை சொன்னார். புதுத் துணி எல்லாவற்றையும்போல அந்தக் காற்றும் முதல் மழைக்குக் கொஞ்சம் சுருங்கியது. அதற்குப் பிறகு சுருங்கவில்லை.