ஒன்றாம் நம்பர் நிறம்

நானூற்று முப்பத்திரண்டு மணி நேரம் அந்தத் தாள் வெயிலில் இருந்தது. என் அறை ஜன்னலில் காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை வெயில் விழும். மேகம் மூடிய நாட்களை நான் சேர்க்கவில்லை. நாளுக்கு ஆறு மணி நேரம், எழுபத்திரண்டு நாட்கள்.

தாளில் ஐந்து சதுரங்கள். அக்கா தன் ஐந்து குப்பிகளிலிருந்தும் ஒவ்வொன்று தீட்டிக் கொடுத்திருந்தாள். அவள் காபியில் மட்டும்தான் படம் வரைவாள். கெட்டி டிகாஷனைச் சின்னத் தீயில் வற்றவைத்து, தண்ணீர் கலந்து, ஐந்து அடர்த்தியில் பிரித்து வைப்பாள். ஐந்தாம் நம்பர் கிட்டத்தட்டக் கறுப்பு. ஒன்றாம் நம்பர், ஈர டம்ளரை யாரோ தாளில் வைத்து எடுத்ததுபோல இருக்கும். வெள்ளை வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். தப்பாக ஒரு துளி விழுந்தால் விழுந்ததுதான்.

நாளாக ஆக நிறம் வெளுக்குமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டது அவள்தான். நான் வேதியியல் படித்தவள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு சதுரத்திலும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, கண்ணாடியில் ஒட்டிவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்காரம்மா படம் கேட்டார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவர்களுடைய காபிக் கடை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்கா மிச்சக் காபியில் விரலைத் தொட்டு பில் சீட்டின் பின்பக்கம் எதையாவது வரைவாள். கடைக்காரம்மா அதைப் பார்த்திருக்கிறார். அவர் கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஒரு டப்பாவை அக்கா கையில் கொடுத்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் கணவர் தன் கையால் வறுத்து அரைத்த பொடி. விற்கவும் மனசு வரவில்லை, குடிக்கவும் மனசு வரவில்லை, இதிலேயே அவரை வரைந்து கொடு என்றாராம்.

இரண்டு மாதம் எங்கள் வீடு முழுக்கக் காபி வாசனை. மாமா சமையலறை வாசலில் நின்று புலம்புவார்.

"கட்டின புருஷனுக்கு ஒரு டம்ளர் கிடையாது. போய்ச் சேர்ந்தவர் மூக்குக்கு மட்டும் மூணு டம்ளர்."

"உங்க மூக்குக்கு ஒரு டப்பா பத்தாது," என்பாள் அக்கா, தலையைத் திருப்பாமல்.

கடைசி நாள் மாலை நான் வேலை முடிந்து வந்ததும் ஜன்னல் தாளை எடுத்தேன். அலுமினியத்தைப் பிரித்தேன். மூடியிருந்த பாதியில் ஐந்து நிறமும் இருந்தன. மூடாத பாதியில் முதல் இரண்டு சதுரங்களையும் காணோம். மூன்றாவது, கழுவிய கறைபோல இருந்தது. நான்கும் ஐந்தும் மட்டும் தாக்குப்பிடித்திருந்தன.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அக்கா கூப்பிட்டாள். படம் முடிந்திருந்தது. நெற்றி, கன்னம், மூக்கின் மேடு, கண்ணுக்குக் கீழே சின்னப் பை, எல்லாமே ஒன்றிலும் இரண்டிலும் தீட்டியவை. இப்போதுதான் கல்லாவிலிருந்து நிமிர்ந்து சில்லறை இருக்கா என்று கேட்கப் போகிறவர் மாதிரி இருந்தார். டப்பா காலி.

"எப்படிடி இருக்கு?"

"அவரேதான்," என்றேன். அது பொய்யில்லை.

"உன் சோதனை என்ன ஆச்சு?"

தாள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "இன்னும் முடியலக்கா. ஒரு தாள் பத்தாது, மூணு வேணும்," என்றேன்.

இதுவும் முழுப் பொய்யில்லை. எங்கள் கூடத்தில் ஒரே ஒரு சோதனையை வைத்து யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். நானும் ஒழுங்காக இன்னும் இரண்டு தாள்களை ஜன்னலில் ஒட்டினேன். என்ன வரும் என்று தெரிந்தே ஒட்டினேன்.

பதினோரு நாள் கழித்துப் படத்தை மாட்டினார்கள். கடைக்குள் இரண்டு இடம் இருந்தது. சாமான் அறைப் பக்கத்து உள்சுவர், தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு எதிர்ச்சுவர். கடைக்காரம்மா எதிர்ச்சுவரைக் காட்டி, வருகிறவர் போகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றார். அந்தச் சுவரில் வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது. உள்சுவரில் மாட்டலாம் என்று சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும். அதற்குள் மாமா ஆணி அடித்துவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்து அக்காவிடம் மேலும் இரண்டு பேர் படத்துக்குச் சொல்லிவைத்தார்கள். அவள் நடையே மாறிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது தாள்களையும் உரிய நாளில் எடுத்தேன். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. அப்போதும் சொல்லவில்லை.

ஏழாவது மாதம் கடைக்காரம்மா போன் செய்தார். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மீசையும் தலைமுடியும் மூக்குக்கண்ணாடியின் சட்டமும் இருக்கின்றனவாம், மனிதரைக் காணோமாம். தண்ணீரை அதிகமாகக் கலந்துவிட்டேன், அவர் கைப்பொடியைப் பாழாக்கிவிட்டேன் என்றாள். மறுநாள் அந்த இரண்டு பேரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டாள். தூரிகைகளைக் கழுவி எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். சமையலறையில் காபி வெறும் காபியாக இருந்தது. மாமாவுக்கு இப்போது கேட்கும்போதெல்லாம் கிடைத்தது. அவர் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து, படத்தைத் திருப்பி வாங்கி வர, தூக்குவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சட்டத்தை இறக்கினோம். படத்திலிருந்த மூக்குக்கண்ணாடிக்குள் வெறும் தாள் என்னைப் பார்த்தது.

அக்கா மன்னிப்புக் கேட்டாள். கடைக்காரம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"நீ ஏம்மா கேக்கற? அவருக்குக் கடைசியில கையில பலமே இல்ல. வறுவல் சரியா ஏறியிருக்காது. நான்தான் புரியாம அந்தப் பொடியக் குடுத்துட்டேன்."

"பொடி நல்ல பொடிம்மா. என் கைதான் சரியில்ல."

"இல்லம்மா. அவருக்கே தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு அரைச்சிட்டு, இது ஒழுங்கா வரலன்னு சொன்னாரு. நான்தான் அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்." முந்தானையால் படத்தின் மேல்கண்ணாடியைத் துடைத்தார், அழுக்கு உள்ளே இருப்பதுபோல.

அக்கா மறுபடி தன் கையைக் குறை சொல்ல ஆரம்பித்தாள். சட்டத்தின் என் பக்கம் கனத்தது. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் நான் பேசி யாரும் கேட்டதில்லை.

"பொடியும் சரி, கையும் சரி," என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னேன். "எந்தக் காபியும் வெயில்ல வெளுத்துடும். இத மாட்டுறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்க்கா. நான் சொல்லல."