எலிசேக்கு ஏழு நிமிடங்கள்

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்கள் தமிழர் மன்றம் நடத்தும் கலைவிழாவில் விளக்கவுரை இல்லாமல் எதுவும் மேடையேறாது. நடனத்தின் நாயகி யாருக்காக ஏங்குகிறாள் என்பதைச் சபைக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக அவ்வுரைகளை எழுதி வாசிப்பவள் நான். உரை உட்பட ஒரு நிகழ்ச்சிக்கு ஏழு நிமிடங்கள். முடிந்ததும் மணி அடிக்கப்படும். அவ்விதியை இயற்றியவளும் மணி அடிப்பவளும் நானே.

இவ்வாண்டு கலாதேவியின் மகள் ஆரணி பியானோ வாசிக்க முன்வந்தாள். எலிசே என்ற ஒருத்திக்காகப் பீத்தோவன் எழுதியதாகச் சொல்லப்படும் சிறு படைப்பு அது.

"அன்ரி, முழுக்க வாசிக்க விடுவீங்களோ? முதல் துண்டு முடிஞ்ச உடனை எல்லாரும் கைதட்டிப்போடுவினம். கடைசிக்குக் கிட்டத்தான் இடக்கை இடி மாதிரி வரும். அதுக்குத்தான் ஒரு வருசம் பழகினனான்."

"எவ்வளவு நேரம்?"

"மூண்டு நிமிசம்."

"ஏழு நிமிசம் தாராளமாக் காணும்," என்றேன்.

மறுநாள் கலாதேவி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, காதலி எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. சனம் கதைக்கும். தங்கச்சி எண்டு சொன்னால் என்ன?"

"பொய் சொல்ல ஏலாது, கலா."

மன்றத் தலைவர் இராசலிங்கத்துக்கு வேறு கவலை. "அக்கா, எலிசே ஆருடைய பிள்ளை, எந்த இடம் எண்டு சொல்லாட்டி எங்கடை சனத்துக்கு விளங்காது."

இரண்டு வாரங்கள் நூலகத்தில் இருந்து ஆராய்ந்தேன். எலிசே யாரென்று எவருக்கும் தெரியாது. மூன்று பெண்களின் பெயர்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். படைப்பு அச்சேறியபோது பீத்தோவன் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு ஆதாரமான கையெழுத்துப் பிரதியும் பின்னர் காணாமற்போனது. இவற்றில் எதைக் குறைத்தாலும் உண்மை குறைபடும் என்று கருதி, மூன்று பெண்களுக்கும் சமமான பந்திகள் ஒதுக்கினேன்.

விழாவில் உரையை நிறுத்தி நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். சபை அசையாமல் கேட்டது. உரையை மடித்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தரை நிமிடங்கள் கழிந்திருந்தன.

ஆரணி தொடங்கினாள். முதற்பகுதியிலேயே கைதட்டினார்கள், அவள் நிறுத்தவில்லை. தோள்களை நிமிர்த்தி, இடி வரவேண்டிய இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஏழாவது நிமிடம் முடிந்தது. அன்று சிறப்பு விருந்தினராக வந்த ஓர் அமைச்சரின் மைத்துனர் பேசியபோதும் அடித்த மணி அது. இவளுக்கு மட்டும் விலக்களிப்பது எப்படி?

அடித்தேன்.

விதி என்றால் விதி என்று இந்நாட்டில் வளர்ந்த பிள்ளை. உடனே கைகளை எடுத்துக்கொண்டாள். சபை எழுந்து நின்று கைதட்டியது. "பிள்ளை ஒரு பிழையில்லாமல் முழுக்க வாசிச்சிட்டாள்!" என்று கலாதேவி கண்ணீர் விட்டாள்.

ஆரணி பியானோவை மூடிவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "அன்ரி, எலிசே ஆரெண்டு தெரியாது எண்டு சொல்ல ஐஞ்சரை நிமிசமோ?"



அடுத்த மன்றக் கூட்டத்தில், விளக்கவுரை ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றும், அதன் முதற்பயனாக ஆரணி மறுபடியும் முழுமையாக வாசிக்க வேண்டும் என்றும் முன்மொழிந்தேன். இராசலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல விசயம், அக்கா. ஆனால் ஏன் எண்டதை ஒருக்கா விளக்கமா எழுதித் தாங்கோவன்."