தலையணைக்கடியில் நாலு வால்வு

இசக்கிதுரைக்குத் தலை சுற்றியது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் வரைபடத்தில் நானூற்று முப்பது வோல்ட் என்று போட்டிருக்கிறது. மீட்டரோ ஐந்நூற்றுப் பத்து என்கிறது. கருகிக் கிடந்த ரெசிஸ்டரை நேற்றே மாற்றியாயிற்று. ஹாஸ்டலில் பக்கத்து அறையிலிருந்து வேறு மீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தாயிற்று. சனியன், பிடித்த பிடியை விடவில்லை.

ஆம்ப் லிசாவுடையது. ஒரகடத்தில் சார்ஜர் செய்யும் கம்பெனியில் இருவரும் ஒரே லைன். இன்று சாயங்காலம் சர்ச் திருவிழாவில் அவள் வாசிக்க வேண்டும். "சார்ஜர் டெஸ்ட் பண்றவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" என்ற அப்பா ஆபிரகாமிடம் சண்டை போட்டு இவனிடம் கொடுத்திருந்தாள்.

பழைய ரேடியோவில் பல்பு மாதிரி இருக்குமே, ஆம்ப்பின் அந்த நாலு கண்ணாடி வால்வுகளும் துண்டில் சுற்றித் தலையணைக்கடியில் பத்திரமாக இருந்தன. உடைந்தால் ஸ்ரீபெரும்புதூரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. கம்பெனிப் பழக்கமும் அதுதான்: முதலில் கரண்ட் இழுக்கிற லோடு எதுவும் இல்லாமல் டெஸ்ட், வோல்டேஜ் சரியென்றால்தான் லோடு. சார்ஜரில் ஐந்து வோல்ட் என்றால் லோடு போட்டாலும் போடாவிட்டாலும் ஐந்துதான். ஐந்நூற்றுப் பத்தில் வால்வைப் போட்டால் பொசுங்கிவிடாதா? இறங்கட்டும், போடலாம் என்று காத்திருந்தான். அது இறங்குவேனா என்றது.

கீழே ஆட்டோ ஹாரன் அலறியது. லிசா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா துரை, ரெடியா? அப்பா கீழ கத்திகினு கீறாரு."

"என்னன்னே புரியல. எறங்கவே மாட்டேங்கு."

அவள் முகம் சுண்டிப்போனது. கண்ணீரை மறைக்க வராந்தாக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சீறியடித்துத் துப்பட்டாவை நனைத்தது. அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடிந்த பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி மேலே வந்து, பாத்ரூம் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். வராந்தாவில் தண்ணீர் நூலாக இளைத்தது.

"இப்பதான அந்த அடி அடிச்சிது?" என்றாள் லிசா.

இசக்கிதுரை குழாயையே வெறித்தான். கரண்டைக் குடிக்கிற நாலு பேரையும் தலையணைக்கடியில் படுக்க வைத்துவிட்டு, வேகம் ஏன் அடங்கவில்லை என்று முட்டிக்கொண்டிருக்கிறோமா? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

ஸ்விட்சை அணைத்து, சார்ஜ் இறங்கும்வரை பொறுத்து, வால்வுகளைச் செருகினான். மறுபடி போட்டான். கண்ணாடிக்குள் மெல்லச் சிவப்பு ஊறியது. மீட்டர் இறங்கியது, இறங்கி, நானூற்று முப்பத்திரண்டில் நின்றது.

லிசா கிட்டாரைச் சொருகி ஒரு தட்டு தட்டினாள். அறைச் சுவர் அதிர்ந்தது. கீழே ஹாரன் நின்றுபோனது.

"அதுக்கு இன்னாதான் ஆச்சு?" என்று கேட்டாள்.

"அதுக்கு நேத்தே சரியாயிட்டு," என்றான் இசக்கிதுரை. "எனக்குத்தான் இப்ப சரியாச்சு."