வாசலில் காட்டும் முகம்

விழுப்புரம் ஜில்லாவில் வல்லரசு மாதிரி முடி வைத்திருந்தவன் கிடையாது. அவன் தலை சீவி முடிப்பதற்குள் ஜங்ஷனில் இரண்டு எக்ஸ்பிரஸ் வந்து நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு போயும்விடும். தாடியும் சளைத்ததல்ல, ஒரு தடவை அதற்குள் தொலைந்த பல்குச்சி தீபாவளிக்குத்தான் வெளியே வந்தது.

அந்த முடியும் தாடியும் இந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனிடம் போய்ச் சேர்ந்தன. பிள்ளைக்கு வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக ஆத்தாளிடம் வாக்குக் கொடுத்தது அவன் அம்மா கெங்கம்மாள். வாக்கு அவளுடையது, தலை மட்டும் இவனுடையது. வேலையும் வந்தது, திண்டிவனத்துக்கு வெளியே பைபாஸ் ஓரம் ஒரு பெரிய செருப்பு ஆலையில். அமாவாசை வியாழன், வேலையில் சேர வேண்டிய நாள் வெள்ளி.

"சேர்ந்துட்டு அடுத்த அமாவாசைக்குப் போட்டுக்கலாம்மா."

"ஆத்தாகிட்டயே வாய்தா கேக்கறியா? உக்கார்றா கீழ."

வெள்ளிக்கிழமை காலை, சந்தனம் பூசிய மொட்டையோடு வல்லரசு ஆலை வாசலில் நின்றான். "இன்னா தம்பி, பொங்கலு, சுண்டலு ஒண்ணும் கொண்டாரலியா?" என்றார் வாட்ச்மேன் தாண்டவராயன். வல்லரசு சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அதோடு சரி.

போன வருஷம் இந்த ஆலையில் ஒரே சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி மூன்று பேர் மாறி மாறி ஷிப்டு பார்த்திருக்கிறார்கள். 'இந்த ஆள் தூங்கவே மாட்டானா' என்று நிர்வாகம் அதிசயப்பட்டு ஒரு கேடயமும் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உடனே சென்னை தலைமையகம் ஓர் ஆணை போட்டது: இனி எந்த மனுசனும் எந்த மனுசனுக்கும் சாட்சி சொல்லக் கூடாது. மெஷின்தான் சொல்ல வேண்டும்.

மெஷின் வாசலில் கம்பம் மாதிரி நின்றது. ஒரு கண், ஒரு விளக்கு, தேனில் ஊறிய பெண் குரல். வல்லரசு முகத்தைக் காட்டினான். ஆதார் அட்டையில் இருந்த படத்தோடு அது ஒப்பிட்டுப் பார்த்தது.

"முகம் பொருந்தவில்லை. நன்றி."

ஆதார் படம் ஒன்பதாவது படிக்கும்போது எடுத்தது. அப்போதும் கெங்கம்மாளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது, முடி வளர்க்கிற வேண்டுதல். மீசை முளைக்காத முகம், நடு வகிடு, எண்ணெய் வழியப் படிய வாரிய கூந்தல். அந்தப் பையனுக்கும் இந்த மொட்டைக்கும் மெஷினால் ஒரு சம்பந்தமும் காண முடியவில்லை.

ஆள் எடுக்கும் அதிகாரி தர்மேஷ், செஞ்சிப் பக்கத்துக்காரர், எறும்பு குறுக்கே வந்தாலும் வழிவிட்டு நிற்கிற சாது. அவரிடம் ஓடினான்.

"சார், நீங்கதான சார் என்னை இன்டர்வியூ பண்ணீங்க?"

"பண்ணேன். நீதான்னு எனக்குத் தெரியுது. எனக்குத் தெரிஞ்சு இன்னா பிரயோஜனம்? என்னையே மூணு தடவை பார்த்துட்டுதான் உள்ள வுடுது. அஞ்சு மணிக்குள்ள பச்சை எரியணும் தம்பி. இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டு அதுவே மெயில் அனுப்பிடும்."

செருப்பு ஆலையில் கறுப்புப் பாலிஷுக்கா பஞ்சம்? தாண்டவராயன் ஒரு டப்பா கொண்டுவந்தார். மொட்டை முழுக்க அப்பி, சீப்பால் நடு வகிடும் எடுத்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் முடி. கிட்டே வந்தால் பூட்ஸ்.

"தயவுசெய்து மனித முகத்தைக் காட்டவும். நன்றி," என்றது மெஷின்.

வல்லரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் போட்டான். "அம்மா, நான்தான் நான்னு இந்த மெஷின்ல பேசற பொம்பள நம்ப மாட்டேங்குதும்மா. வேலை போய்டும்போல."

"எவ அவ? இரு, வர்றேன்."

கெங்கம்மாள் ஏறிய பஸ்ஸின் டிரைவர் அவள் முகத்தைப் பார்த்த பயத்தில் விக்கிரவாண்டியில் நிறுத்தவே மறந்துபோனாராம். நாலே முக்காலுக்கு வாசலில் இறங்கியவள் நேராக மெஷின் முன்னால் போய் அதன் கண்ணுக்குள் முறைத்தாள்.

"ஏண்டி, பெத்தவ சொல்றேன், இவன் எம்புள்ளன்னு. ஒனக்கு இன்னாடி பேஜாரு?"

டிங்.

பச்சை.

"வணக்கம், வல்லரசு. உங்கள் முகம் பதிவானது. நன்றி."

தாண்டவராயன் கையிலிருந்த பாலிஷ் டப்பா கீழே விழுந்தது. தர்மேஷ் ஆதார் படத்தைப் பார்த்தார், கெங்கம்மாளைப் பார்த்தார். அதே மூக்கு, அதே கன்னம், அதே நடு வகிடு, அதே எண்ணெய்.

"சார், இது தப்பு சார்," என்றான் வல்லரசு.

"தப்புதான். ஆனா பச்சை. அதைச் செவப்பாக்க எனக்கு பவர் இல்ல. சென்னைக்கு எழுதினா, மெஷின் தப்பு பண்ணாது, ஆளை எடுத்ததுதான் தப்புன்னு ஒன்னைத் தூக்கிடுவாங்க. இப்ப ஒனக்கு வேலை இருக்கு." கெங்கம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, தெனம் காலைல வந்து கொஞ்சம் மூஞ்சியைக் காட்டிட்டுப் போயிடறீங்களா?"

"இன்னாங்க தம்பி இது, எல்கேஜில வுடற மாதிரி," என்றாள். ஆனால் தலையாட்டினாள்.

அப்படித்தான் நடந்தது. தினம் விடியற்காலை பஸ்ஸில் இருவரும் வருவார்கள். அவள் முகத்தைக் காட்டுவாள், "வணக்கம், வல்லரசு" என்று கதவு திறக்கும், இவன் உள்ளே நுழைவான். சாயங்காலம் வெளியே வர யார் முகமும் தேவையில்லை. போகிறவனை எந்த ஆலையும் தடுப்பதில்லை.

கெங்கம்மாள் மெல்ல மெல்லப் பவுடர் பூச ஆரம்பித்தாள். மாசக் கடைசியில் 'நேரம் தவறாத ஊழியர் வல்லரசு' என்று மெஷினே தேர்ந்தெடுத்து, அவள் படத்தை நோட்டீஸ் போர்டில் போட்டது. தாண்டவராயன் அவளைக் கண்டால் எழுந்து நின்றார். சூப்பர்வைசர்கள் வணக்கம் வைத்தார்கள். சம்பள உயர்வு விஷயமாகத் தர்மேஷ் அவளிடம்தான் பேசினார்.

ஒரு திங்கட்கிழமை. வல்லரசு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றான். அம்மா போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

"ஏந்திரும்மா, பஸ்ஸு போய்டும்."

"ஒடம்பு அனலா கொதிக்குதுடா. இன்னிக்கு லீவு சொல்லிடு."

அவன் தர்மேஷுக்குப் போன் போட்டான். "சார், அம்மாவுக்குக் காய்ச்சல். ஆனா நான் நல்லாத்தான் சார் இருக்கேன். எப்படியாவது உள்ள வுட்டீங்கன்னா வேலை பார்த்துடுவேன்."

"ஐயையோ, அவங்களுக்கா? மாத்திரை போட்டாங்களா? நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லு," என்று பதறினார் தர்மேஷ். "நீ மட்டும் வந்து இன்னா பண்ணப் போற?"