கீரனூருக்குப் போன பேன் பெல்ட்

"உக்காந்து பாக்குற வேலைன்னாத்தான் எம் மக செவந்தியத் தருவேன்" என்று முனியாயி கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் அவள் அண்ணன் மகன் மலையாண்டி, புதுக்கோட்டையில் ஜெய்னுலாப்தீன் ராவுத்தர் பஸ் கம்பெனியில் வண்டி கழுவுவதை விட்டு, உதிரிச் சாமான் கோடவுனில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். விஜயதசமியன்று வேலை நிரந்தரம் என்பது முதலாளி வாக்கு. அன்றைக்கே தாம்பூலம். சேதி தெருவுக்கே தெரியும். முனியாயிக்கு வாய் சும்மா இருக்குமா?

ஆயுதபூஜையன்று கோடவுன் சாமானுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. உலகச் சண்டைக்காலம், புதுச் சாமான் வருவதில்லை; இருக்கிறதையாவது சாமி காப்பாற்றட்டும். பொரிகடலை வாயில் இருக்கும்போதே ஆள் வந்தது. கீரனூரில் இஞ்சின் விசிறியைச் சுழற்றும் பேன் பெல்ட் அறுந்து வண்டி நிற்கிறதாம்.

"எடுத்துக் குடுறா" என்றார் ராவுத்தர்.

"பூசையில வச்சத நாளைக்குக் காலையிலதான் தொடணும். நீ தொட்டா, நான் இனி ஸ்பானரத் தொடமாட்டேன்" என்றார் மெக்கானிக் நாகராசு.

ஒருவர் சம்பளம் கொடுப்பவர். ஒருவர் வண்டியை ஓடவைப்பவர். யார் பேச்சைக் கேட்பது என்று மலையாண்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெல்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார் தெரிந்தார்.

"அண்ணே, பிள்ளையார வடக்க நகத்திட்டா பூசை முடிஞ்சதுதானே?"

"ஆமா."

"கீரனூரும் வடக்கதான?"

நாகராசு வாயை மூடுவதற்குள், பிள்ளையார் வெற்றிலையோடு சட்டைப்பையில், பெல்ட் கழுத்தில், மலையாண்டி சைக்கிளில்.

கீரனூர் வண்டி ஓடியது. சாயங்காலம் திரும்பினால் இலுப்பூர் வண்டி ட்யூப் இல்லாமல் நிற்கிறது. கோடவுன் சாவியும் அவன் இடுப்பில் கீரனூர் போய்வந்திருந்தது.

"பிள்ளையாரே போயிட்டாரு, இனி என்ன பூசைன்னு ட்யூப் எடுக்க வந்தேன். பூட்டு தொங்குது!" என்று நாகராசு கத்தினார்.

"ஒனக்கு உக்காரத் தெரியலடா" என்றார் ராவுத்தர். "சாவிய நாகராசுகிட்ட குடு. இனி எங்க வண்டி நின்னாலும் சாமான் கொண்டுபோறது நீதான்."

"இது ஏத்தமா எறக்கமா, மொதலாளி?"

"மிதிச்சுப் பாரு, தெரியும்."

மறுநாள் அப்பாவோடு அத்தை வீட்டுக்குப் போனால், அதே உட்காரும் பேச்சு வேறு வாயிலிருந்து வந்தது. "உக்காருவியா, மாட்டியா?"

"சைக்கிள்ல உக்காருவேன் அத்தை."

முனியாயி தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போன வேகத்தில் செவந்தி அதை வெளியே கொண்டுவந்தாள்.

"நாள் பூரா வீட்டு வாசலப் பாத்து உக்காந்திருக்குற மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன ஆத்தா பண்றது? மச்சான், எடுத்துக்கங்க."

வேலை போனதற்கா, வந்ததற்கா என்று புரியாமலே மலையாண்டி பாக்கை எடுத்து வாயில் போட்டான். முனியாயி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, அண்ணனிடம் கல்யாணத் தேதி கேட்டாள்.